அக்காவின் பரிசத்தன்று அடித்த புயல்

புயல் வரும் என்று சொன்னவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதை நம்பியவனைத்தான் ஆயுள் முழுக்கக் கேட்கிறார்கள். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில் இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் தெரணியகலைக்கு மேலே. தொண்ணூறுகளின் நடுவில் பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில், அக்காவுக்குப் பரிசம் போட பலாங்கொடைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று தோட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. (அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.) எங்கள் லயத்து வீட்டு வாசலில் தகரப் பந்தல் போட்டாயிற்று.

முதல் நாள் மாலை வானொலி வாயைத் திறந்தது. கிழக்குக் கடலில் புயல், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம், எங்கள் சப்ரகமுவை மாகாணத்திலும் கடுங்காற்று வீசும்.

"நாம என்ன மீன் புடிக்கவா போறோம்? சும்மா இருடா" என்றாள் அம்மா.

நான் சும்மா இருக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்ததால் உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பந்தலைப் பிரிக்க வைத்தேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கொழுந்து வாட்டும் மாடியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினேன். போயாவுக்குக் கொழுந்து எடுப்பதில்லை. மாடி காலியாகத்தான் கிடக்கும்.

அங்கே கொழுந்து பரப்புகிற நீளமான தொட்டிகள் இருக்கும். இடுப்பளவு உயரம், மேலே கம்பி வலை. ஒரு முனையில் ஆள் உயரக் காற்றாடி. வலைக்குக் கீழிருந்து காற்றை மேலே தள்ளும். பந்தி வைக்க இதைவிட நல்ல மேசை உண்டா? சுற்றிலும் தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்த்து இருக்கையாக்கினேன். புயலுக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினேன்.

விடிந்தால் மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு இலை அசையவில்லை. சாத்திய ஜன்னலைத் திறந்தால் மானம் போய்விடும் என்று நானும் திறக்கவில்லை.

தட்டு மாற்ற நல்ல நேரம் மதியத்துக்கு மேல்தான் என்பதால் முதலில் பந்தி. வலைமேல் வாழை இலை போட்டு, சோறு, பருப்பு, அப்பளம் எல்லாம் பரிமாறியாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க தம்பி, கொழுந்த வாட்டுற எடத்துல எங்களப் போட்டு வாட்டுறீங்களா? கொஞ்சம் காத்து வரச் செய்யுங்க."

கவனியுங்கள். காற்றுக் கேட்டது அவர். நான் ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தேன்.

"எபா மல்லி, எபா!" வேண்டாம் தம்பி என்று சிங்களத்தில் கத்தியபடி ஓடிவந்தான் காவல்காரன் பண்டா. எங்கள் வீட்டு விசேஷத்தில் வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? அழுத்தினேன்.

முதலில் அப்பளங்கள் எழுந்தன. அடுத்து இலைகள் விளிம்பு தூக்கி, பருப்போடும் சாம்பாரோடும் அவரவர் மார்பில் கவிழ்ந்தன. சோறு அட்சதை மாதிரி எல்லோர் தலையிலும் விழுந்தது. தாய்மாமன் முகத்தில் ஒரு முழு இலை ஒட்டிக்கொண்டது. அதை உரித்தபோது மீசையில் போஞ்சிக்காய் தொங்கியது.

"வண்டிய எடுங்கடா!" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் வாழ்க்கையை ஒரு சுவிட்சில் முடித்துவிட்டேன் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம். தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலையில் கத்தரிக்காயோடு நின்ற மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவருக்கும் அடக்க முடியவில்லை.

"மாமா, தட்ட மாத்துங்க. சோறு பெறகு பாத்துக்குவோம்" என்றார்.

அந்தப் புயல் கடைசிவரை வரவேயில்லை. வலுவிழந்துவிட்டதாம்! மறுநாள் இரண்டே வரியில் வானொலி முடித்துக்கொண்டது. ஒரு வருத்தம் தெரிவிக்க வேண்டாமா? பழி முழுக்க எனக்கு.

தாய்மாமன் தாத்தாவாகிவிட்டார். இன்றும் பந்தியில் என்னைக் கண்டால் இரண்டு கையாலும் இலையை அழுத்திப் பிடித்துக்கொள்வார். உடனே வரிசையே பிடித்துக்கொள்ளும். போகட்டும், அவர் பட்டவர். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பேத்திக்கு இன்னும் பேச்சுக்கூட வரவில்லை. என்னைப் பார்த்ததும் சோற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.