மர்ளியா ராத்தாவுக்கு ஒரு தெருவின் ஸலாம்

படிக்காதவன் செய்யும் முட்டாள்தனத்துக்கும் படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கும் ஒரேயொரு வித்தியாசம்தான். படித்தவன் அதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருப்பான். நான் ஒத்திகை பார்த்தேன். எங்கள் கிணற்றடியில் தென்னை மரத்துக்கு முன்னால் நின்று, கைகளை அசைத்து, தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்தேன். (அந்தத் தென்னை அதற்குப் பிறகு சரியாகக் காய்க்கவில்லை என்று உம்மா இன்றைக்கும் சொல்வார்.)

எங்கள் பரம்பரையில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான். வாப்பா சம்மாந்துறைப் பக்கத்து வயல்களில் பிறருடைய காணியைச் செய்பவர். பெயரை எழுதச் சொன்னால் பெருவிரலைக் காட்டுவார். ஆகவே கடற்கரையில் தொடங்கிப் பெரிய றோட்டில் முடிகிற எங்கள் தெரு முழுவதற்கும் கடிதம் எழுதுவது, தந்தி வாசிப்பது, மருந்துப் போத்தலில் இருப்பதை விளங்கப்படுத்துவது எல்லாம் என் வேலை. அந்தத் தெருவின் வெளிநாட்டமைச்சர் நான்தான் என்ற நினைப்பில், சாரம் உடுத்தும் ஆட்களுக்கு நடுவில் களிசான் போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது.

என் மூத்தவரான காக்கா சவூதிக்குப் போய் ஒரு டீவி கொண்டு வந்தார். கொழும்பிலிருந்து புறப்படும் படம் மலையெல்லாம் தாண்டி எங்கள் ஊருக்கு வந்துசேரும்போது களைத்துப் போயிருக்கும். திரையில் எந்நேரமும் மார்கழி மழைதான். வாப்பா கூரையில் ஏறி, அன்ரனா கட்டிய இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, வாய்க்கால் தண்ணீரைத் திருப்புவது போல மெல்லத் திருப்புவார். "வருதா?" என்பார். "வருது, வருது, விட்ராதீங்க!" என்று தெருவே கத்தும். விட்டால் படம் போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் டீவி இருந்த காலத்தில் அதை ஒழுங்காகப் பார்க்காத ஒரே ஆள் வாப்பாதான்.

அந்த மழைக்குள்ளேயும் தெளிவாகத் தெரிந்த ஒரு முகம், தெருவே அக்கா முறை வைத்த மர்ளியா ராத்தாவுடையது. கிழமைக்கு ஒருமுறை மாலையில் வருகிற அரைமணி நேரத் தமிழ் நிகழ்ச்சியை நடத்தியவர். தலையில் முக்காடு, காதோரம் கொஞ்சம் முடி, நம்மைப் பார்த்தே கதைப்பது போலொரு பார்வை. மற்ற அறிவிப்பாளர்கள் எல்லாம் "விடைபெறுகிறேன்" என்பார்கள். அவர் மட்டும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "போய்ட்டு வாறன்" என்பார். வீட்டிலிருந்து புறப்படும் பெண் சொல்வது போல. எங்கள் முற்றத்தில் இருக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஓம், போய்ட்டு வாங்க" என்று பதில் சொல்வார்கள். நானும் சொல்வேன், வாய்க்குள். (எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இதற்கு மேல் இந்த விஷயத்தை விளக்க விரும்பவில்லை.)

ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த கிழமை வரவில்லை. அவருடைய கதிரையில் வேறொரு சின்னப் பெண் இருந்தாள்.

"சொகமில்லாமக் கிடக்குதாக்கும்" என்றார் இடியப்பம் அவிக்கும் பாத்தும்மா மாமி. "போய்ட்டு வாறன் எண்டு சொன்னவ வராம இரிப்பாவா?"

வராமல்தான் இருந்தார். வருஷக்கணக்காக.

வெளிநாட்டமைச்சர் சும்மா இருப்பாரா? நான் தபாலட்டைகள் எழுதத் தொடங்கினேன். "மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களே! அறிவிப்பாளர் மர்ளியா அவர்கள் எங்கே என்பதை எமது பிரதேச மக்களின் சார்பில் வினயமாகக் கேட்டுக்கொள்கிறேன்." பதில் வராவிட்டால் இன்னொன்று. அதற்கும் வராவிட்டால் 'வினயமாக' என்பதை எடுத்துவிட்டு இன்னொன்று.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் புதிதாக ஒரு பேட்டி நிகழ்ச்சி தொடங்கப் போகிறார்கள், நேரடி ஒளிபரப்பு. நடத்தப் போவது மர்ளியா. முதல் விருந்தினராக நேயர் ஒருவரைக் கூப்பிட இருக்கிறார்கள். அவரைப் பற்றி விடாமல் விசாரித்த நேயர் நான் ஒருவன்தானாம்.

செய்தி தெருவில் பரவியது. நான் களிசானுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு ஸலாம் கொண்டு வந்தார்கள்.

"அவக்கு என்ட ஸலாத்தச் சொல்லு, மனே."

"என்டதையும் சொல்லு. பேரச் சொல்லிச் சொல்லு. சும்மா 'எல்லாரும்' எண்டு முடிச்சிராத."

எங்கள் பள்ளிவாசல் லெப்பை வந்து விஷயத்தை இன்னும் பாரமாக்கினார். "ஒருத்தர் சொல்லிவிட்ட ஸலாம் அமானிதம், மனே. உரியவர்ட்ட ஒப்படைக்கணும். ஒண்டையும் வழியில போட்டுட்டு வந்திராத."

எழுதிக்கொண்டு போனால் படித்தவனுக்கு அழகில்லை என்று, எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு முறையும் கண்டுபிடித்தேன். கடற்கரையிலிருந்து தொடங்கி, வீடு வீடாக நடந்து வருவதாக நினைத்துக்கொள்வது. முதலில் கரைவலைக்காரர் வீடு, பிறகு தையல்காரர், பிறகு பாத்தும்மா மாமி. பிசகவே பிசகாது.

பஸ் புறப்படும் நேரம். வாப்பா என் சேட்டுக் கொலரைச் சரிசெய்வது போல ஏதோ செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. பிறகு பஸ்ஸின் சில்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மனே, என்டதையும் ஒண்டு சேத்துச் சொல்லன்."

வாப்பா அதுவரைக்கும் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. படி என்றதைத் தவிர.

கொழும்பில் அந்த ஸ்டூடியோ ஐஸ்பெட்டி போலக் குளிர்ந்தது. தாடி வைத்த ஒரு தயாரிப்பாளர் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "தம்பி, இண்டைக்குப் பெரியவங்க பாத்துக்கொண்டிருக்கினம். நல்லா வந்தா ஒவ்வொரு ஞாயிறும் இந்த நிகழ்ச்சி அவவுக்குத்தான். இல்லாட்டி வேற ஆள் ரெடியா இருக்கு. நீங்க கேட்டதுக்கு மட்டும் சின்னதா பதில் சொன்னாக் காணும்."

மர்ளியா ராத்தா வந்தார். திரையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தார். மழைப் புள்ளிகள் இல்லாத அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்குப் பயமா இருக்கு" என்றார். "இத்தன நாளா பஸ்ஸுல கூட ஒருத்தரும் என்ன அடையாளம் கண்டதில்ல. இன்னொரு தரம் இந்தக் கதிரையில உட்காரணும் எண்டு மட்டும்தான் துஆ கேட்டுக்கொண்டிருந்தன். ரெண்டு பேருமா எப்படியாவது இதக் கொண்டுபோய்ச் சேத்திடுவோம், என்ன?"

"கட்டாயம் ராத்தா" என்றேன். என் உயிரையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். உயிரைக் கேட்டிருக்கலாம். சேதம் குறைவாக இருந்திருக்கும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கெமராவைப் பார்த்துச் சிரித்தார். அதே சிரிப்பு. "கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருக்கிறார். தம்பி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

தென்னைக்கு முன்னால் ஒத்திகை பார்த்த செந்தமிழ் உரை முழுவதும் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அமானிதம் இருக்கும்போது சொந்தக் கதை பேசலாமா? முதலில் பாரத்தை இறக்கிவிடுவோம் என்று நினைத்தேன்.

"அதற்கு முதல், ராத்தா, கடற்கரையில் கரைவலை வைத்திருக்கிற மீராலெப்பைக் காக்கா உங்களுக்கு ஸலாம் சொன்னார்."

"வஅலைக்கும் ஸலாம்" என்றார் மகிழ்ச்சியோடு.

"அவருடைய மனைவியும் ஸலாம் சொன்னார்."

"வஅலைக்கும் ஸலாம்."

"தையல்காரர் இஸ்மாயில் நானா ஸலாம் சொன்னார். பாத்தும்மா மாமி ஸலாம் சொன்னார். அந்தப் பச்சைச் சாரி எங்கே எடுத்தது என்று கேட்கச் சொன்னார்."

"வஅலைக்கும் ஸலாம். அது… வஅலைக்கும் ஸலாம்."

ஸலாம் சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவரும் நம் வளர்ப்புத்தானே. நான் வீடு வீடாக நடந்தேன். கல்யாணமாகாத குமர்ப் பிள்ளைகளின் பெயரைச் சபையில் சொல்லக்கூடாது என்பதால், "அடுத்த வீட்டில் பெயர் சொல்ல முடியாத ஒருவர், அவருக்குப் பின்னால் பெயர் சொல்ல முடியாத இன்னொருவர்" என்று அறிவித்தேன். (கொழும்பில் அதைக் கேட்டவர்கள் எங்கள் தெருவைப் பற்றி என்ன நினைத்தார்களோ.) மீன் விற்க வருகிற செல்லையா அண்ணன் வணக்கம் சொல்லியிருந்தார். அதற்கு அவர் வணக்கம் சொன்னார்.

இடையில் அவர் எப்படியோ புகுந்து, "தம்பி, உங்கள் படிப்பு…" என்றார்.

போச்சு. நான் எந்த வீட்டு வாசலில் நின்றேன் என்பது மறந்து போயிற்று.

"மன்னிக்கணும் ராத்தா. திரும்பக் கடற்கரையிலிருந்து வாறன்."

மீராலெப்பைக் காக்காவின் ஸலாம் இரண்டாவது முறை கொழும்பை அடைந்தது. கெமராவுக்குப் பின்னால் நின்ற ஆளின் தோள் குலுங்கியது. தயாரிப்பாளர் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்து இழுத்துக் காட்டினார். சேட்டு மேல் பொத்தான் திறந்திருக்கிறதாக்கும் என்று நினைத்து, நன்றியோடு தலையாட்டிப் பூட்டிக்கொண்டேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டார்.

பள்ளிவாசலுக்குக் கிட்ட வந்துவிட்டேன். "ஆசியா உம்மா ஸலாம் சொன்னார். அவருக்குக் கண் தெரியாது."

மர்ளியா ராத்தா நிமிர்ந்தார். "அப்ப எப்படி டீவி பார்க்கிறவ?"

"பார்க்கிறல்ல, ராத்தா. உங்கட சத்தத்தக் கேக்கத்தான் வாறவ. நீங்க போனதுக்குப் பொறகு அவ எங்கட முத்தத்துக்கு வாறல்ல. இண்டைக்கு வந்திரிப்பா."

அவருடைய கண்ணுக்குக் கீழே பூசியிருந்த மை மெல்ல இறங்கியது. நேரடி ஒளிபரப்பில் அவ்வளவு அமைதியை நாடு அதற்கு முன் கேட்டிருக்காது. ஆசியா உம்மா எங்கள் முற்றத்தில் இருந்துகொண்டு, "ஏன் சத்தம் வருதில்ல? அன்ரனாவத் திருப்புங்கடா!" என்று கத்தினாராம். பிறகு கேள்விப்பட்டேன்.

முடிவு இசை தொடங்கியது. அவர் அவசரமாகத் தலையைச் சாய்த்தார். "போய்ட்டு…"

அவ்வளவுதான். விளம்பரம் வந்துவிட்டது.

விளக்குகளை அணைத்தார்கள். "தம்பி, அவவ ஒரு வசனம் கதைக்க விட்டீங்களா?" என்றார் தயாரிப்பாளர். கோபத்தைவிடக் களைப்புத்தான் அதில் கூட இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க மர்ளியா ராத்தாவிடம் போனேன். செந்தமிழ் ஒன்றும் வரவில்லை. அவர் முக்காட்டு ஊசியைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கட தெருவில இவ்வளவு பேரா?"

"இன்னும் பள்ளிக்கு அங்கால பாதித் தெரு மிச்சம், ராத்தா."

"அவங்களுக்கும் என்ட ஸலாத்தக் குடுங்க" என்றார். பிறகு கதிரையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அந்தக் கை தொட்ட விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஊரில் இறங்கியபோது கடற்கரைப் பக்கத்தார் என்னைத் தோளில் தூக்காத குறை. மீராலெப்பைக் காக்கா, தன் பெயர் இரண்டு முறை வந்ததைப் பற்றி யாரையும் மறக்க விடவில்லை. பள்ளிக்கு அங்கால் இருந்தவர்கள் என் ஸலாத்துக்கே பதில் சொல்லவில்லை. லெப்பை, "ஆள் மூலம் வந்த ஸலாத்துக்கு அவ 'அலைக்க வஅலைஹிஸ் ஸலாம்' எண்டு சொல்லியிரிக்கணும்" என்று ஒரு திருத்தம் வெளியிட்டார்.

வாப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்ததாம். நிகழ்ச்சி முடியும்வரைக்கும் கூரையிலேயே குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"படம் காணக் கிடைக்கல்ல, மனே. சத்தம் கேட்டிச்சி" என்றார். "நீ வீடு வீடா வந்தாய். எங்கட பக்கத்து வீடு வந்திச்சி. நான் குழாய நல்லாப் புடிச்சன். பொறகு நீ நேர மற்றப் பக்கத்து வீட்டுக்குப் போய்ட்டாய்."

மனதுக்குள் அந்தத் தெருவில் இரண்டு முறை நடந்தேன். இரண்டு முறையும் எங்கள் வீட்டு வளவைத் தாண்டித்தான் போனேன். தன் வீட்டுக் கதவை எவன் தட்டுவான்?

"வாப்பா…"

"சரி, உடு. அடுத்த ஞாயிறு வருவாதானே. அப்ப ஒரு தபால் காட் போட்டு உடு."

அடுத்த ஞாயிறு வேறொரு பெண் வந்தாள். வாப்பா கூரையிலிருந்து, "அவவா?" என்றார். "இல்ல" என்றோம். குழாயைக் கடல் பக்கம் திருப்பினார். "இப்ப?" இல்லை. வயல் பக்கம் திருப்பினார். மழைதான் வந்தது. கொழும்பில் இல்லாவிட்டால் வேறு திசையில் எங்காவது இருப்பார் என்பது வாப்பாவின் கணக்கு. அன்றைக்கு வெகுநேரம் அவர் இறங்கவேயில்லை. நான் அட்டைகள் எழுதினேன். 'வினயமாக'வும் திரும்பச் சேர்த்தேன். பதில் வரவில்லை.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பரீட்சை வேலையாக அடிக்கடி கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது. பையைத் தூக்கியதும் தங்கச்சி படலையடியில் நின்று ஊருக்கே கேட்கக் கத்துவாள்: "நானா, வாப்பாட ஸலாம்!" தெருவில் போகிறவர்களும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது எடுத்துப் போய் உரிய இடத்தில் கொடுக்க மறந்தால், அதற்கும் அதுதான் பெயர்: "அதும் வாப்பாட ஸலாமாப் போச்சி."

போன முறை பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன். "வாப்பா, அவ இனி வரமாட்டா. இன்னும் என்னத்துக்கு அந்தக் கதை?"

வாப்பா சிரிக்கவில்லை. என் கொலரைச் சரிசெய்வது போல ஏதோ செய்தார்.

"அவ போய்ட்டு வாறன் எண்டு முழுசாச் சொல்லல்லயே, மனே. சொல்லாம எப்படிப் போவா? அங்கினதான் எங்கயோ இரிப்பா. நீ பஸ்ஸுல ஏறக்குள்ள ஆக்கள்ட முகத்தப் பாத்து ஏறு."

பார்த்துத்தான் ஏறுகிறேன்.