நாலாவது நாற்காலி வேண்டி மாமனார் எழுதுவது

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சலூனும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதுகுவலிக்கு அவளைத் தலையணை மாற்றச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்லி வைப்பது நம் கடமை.

நிற்க. கடிதத்தில் இப்படி எழுதுவது வழக்கம். எங்கள் தெருவில் இப்போது எல்லோரும் செய்வதும் அதைத்தான்.

இந்தக் கடிதம் ஒரே ஒரு நாற்காலிக்காக. நகராட்சியில் நீங்கள் எழுதிய விதியில் 'மூன்று' என்று இருக்கும் இடத்தை 'நான்கு' என்று மாற்றித் தர முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எனக்காக இல்லை, கணக்கு வாத்தியாருக்காக. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன், முதலில் என் கதையைக் கேளுங்கள்.

விதி வந்த அன்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான்தான். "என் மாப்பிள்ளை எழுதினது" என்று விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நகலெடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்தேன். பொதுமக்கள் உட்கார மூன்று இருக்கைக்கு மேல் போட்டிருக்கிற கடைக்கெல்லாம் பின்பக்கம் இரண்டாவது கதவு வேண்டும் என்கிறீர்கள். எதற்காக எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாதா. போன வருஷம் கடையில் ஹீட்டர் புகைந்து, ஒன்பது பேர் ஒரே வாசலில் முட்டி மோதி, கடைசியில் நான் மட்டும் உள்ளே இருமிக்கொண்டு நின்றபோது நீங்கள்தானே வந்து என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். உங்கள் கை அன்றைக்கு நடுங்கியது. அந்த நடுக்கம்தான் விதியாக வந்திருக்கிறது. மாமனாருக்காகச் சட்டையெடுத்துக் கொடுத்த மாப்பிள்ளை உண்டு, சட்டம் எடுத்துக் கொடுத்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.

ஆனால் மாப்பிள்ளை, என் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை. கதவு வைத்தால் அது நேராக ஊசி மருந்து அலமாரிக்குள் திறக்கும். மருந்துக்கடைக்காரரிடம் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தேன். "உங்க மாப்பிள்ளை சட்டந்தானே, அவர் வீட்டுச் சுவத்த இடிங்க" என்றார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் ஐந்து பேர் உட்காரும் நீளப் பெஞ்சைத் தூக்கி மாடியில் வீட்டுக் கூடத்தில் போட்டேன். உங்கள் அத்தை அதில் துணி மடித்து வைக்கிறாள், மடித்த துணி அதிலேயே குடியிருக்கிறது. கடையில் இரண்டு சுழல் நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கணக்கு சரியாகிவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்தேன்.

எல்லாக் கடைக்காரரும் அப்படியேதான் நினைத்திருக்கிறார்கள். தெருவில் ஒருத்தர்கூட இரண்டாவது கதவு வைக்கவில்லை, எல்லோரும் நாற்காலியைத்தான் குறைத்தார்கள். இதனால் என்ன ஆயிற்று என்றால், என்னிடம் முடிவெட்ட வருகிறவர் தையல்கடையில் போய் உட்காருகிறார், தையல்கடைக்கு வந்தவர் மருந்துக்கடையில் உட்காருகிறார், மருந்து வாங்க வந்தவர் செருப்புக்கடையில் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறார். "அடுத்தது யாரு" என்று நான் கேட்க வேண்டுமென்றால் கையில் சீப்போடு தெருக்கோடி வரைக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் சவரம் செய்ய வந்த ஒருத்தர் இடம் இருக்கிறதே என்று பல் டாக்டர் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் கூப்பிடப் போவதற்குள் ஒரு பல் போய்விட்டது. "ஆடின பல்லுதாங்க, விடுங்க" என்று அவரே என்னைத் தேற்றினார், ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. தெருவில் அலைய மாட்டேன் என்கிறவர்கள் என் வாசலிலேயே நிற்கிறார்கள். உட்கார்ந்தால்தானே விதி, நிற்கிறவனுக்கு விதி ஏது. ஆக, எந்த வாசலில் கூட்டம் அடைக்கக் கூடாது என்று நீங்கள் எழுதினீர்களோ அதே வாசலில் இப்போது பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள்.

அப்புறம் உங்கள் ஆபீஸ் ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைப் பார்த்து, "உட்காரத் தோதா இருக்கறது எதுவா இருந்தாலும் இருக்கைதான்" என்றார். சொல்லிவிட்டு நோட்டீஸ் எழுத அதன் மேலேயே உட்கார்ந்தார். முகம் முழுக்க நுரையோடு இருந்த ஒருத்தர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "சார், இப்ப நீங்கதான் நாலாவது ஆளு" என்றார். ஆய்வாளர் பதறி எழுந்துவிட்டார். சுவரில் வைத்து எழுதினால் பேனா ஓடவில்லை. கடைசியில் நான் குனிந்து நின்று முதுகைக் கொடுத்தேன், என் பேருக்கு வந்த நோட்டீஸை என் முதுகிலேயே வைத்து எழுதி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

வாத்தியார் விஷயம்தான் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிய மறுநாளிலிருந்து பதினொரு வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு என் கடைக்கு வந்துவிடுவார். பெஞ்சின் இடது ஓரம் அவருக்கு. பேப்பரைப் பிரித்துச் சத்தமாகப் படிப்பார், தப்பான செய்தியைத் திட்டுவார், படித்து முடித்தால் பத்தரைக்குக் கிளம்பிவிடுவார். தனி ஆள், வீட்டில் பேச ஒரு ஜீவன் கிடையாது. அவர் குரல் கேட்டால்தான் எனக்கும் கை ஓடும். பெஞ்சு போன பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார், யாராவது உள்ளே வந்தால் உடனே எழுந்துவிடுவார். மூட்டுவலி வேறு. நாலு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் நேராகச் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "முடி வெட்டு" என்றார்.

"வாத்தியாரே, வெட்ட அங்க என்ன இருக்கு?"

"இருக்கறத வெட்டு. நான் இப்ப உன் வாடிக்கைக்காரன், எந்திரிக்கச் சொல்ல முடியாது."

அவர் தலையில் இருப்பதை எண்ணிவிடலாம், மாப்பிள்ளை. நான் துணியைப் போர்த்திவிட்டுக் காற்றில் கத்தரியை ஆட்டிக்கொண்டிருப்பேன், அவர் துணிக்கு மேலே பேப்பரை வைத்துப் படிப்பார். இரண்டு வாரம் இப்படி ஓடியது. ஒரு நாள் வாசலில் நின்ற ஒருத்தர், "பெரியவர் தலையில என்ன இருக்குன்னு இவ்ளோ நேரம்?" என்றார். வாத்தியார் காதில் விழுந்துவிட்டது. எழுந்தார், துணியை அவரே மடித்து வைத்தார், பேப்பரையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்பது நாள் ஆளைக் காணோம். நேற்று அந்த விதிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன், என் மேல் தப்பில்லை என்று காட்டலாமே என்று. கதவுக்கு வெளியே நிற்கும்போதே குரல் கேட்டது. சுவருக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "தொண்டை சரியில்ல, அதான் வரல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, ஒரே ஒரு நாற்காலி. மூன்றை நாலாக்க ஒரு பேனாக்கீறல் போதாதா. உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கட்டிலின் நீளத்துக்குத் தக்கபடி காலை நீட்ட நாங்களும் முயன்று பார்த்துவிட்டோம், முடியவில்லை. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், எந்த வாசலிலும் நெருக்கடி இல்லாமல், நூறு வருஷம் வாழ உங்கள் அத்தையும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாத்தியார் வந்தார். தேய்த்த சட்டை, சட்டைப் பையில் பேனா. விதிப் புத்தகம் பதினான்கு பக்கத்தையும் ராத்திரியே படித்துவிட்டாராம். பதினொன்றாம் பக்கத்தில், கடை வேலையாட்களின் இருக்கை கணக்கில் சேராது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். "நீயும் படிக்கல, நோட்டீஸ் குடுத்தவரும் படிக்கல. உன் மாப்பிள்ளை கெட்டிக்காரர்" என்றார். நின்ற நிலையிலேயே என்னிடம் நியமனக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். வேலை, பேப்பர் படிப்பது. சம்பளம், தினம் ஒரு டீ. பெஞ்சும் கீழே வந்துவிட்டது, வேலையாளின் இருக்கை இவ்வளவு நீளம்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லையாம். வரும் வழியில் எங்கே போகிறீர்கள் என்று தையல்காரர் கேட்டதற்கு, "வேலைக்குப் போறேன்" என்று சொன்னாராம். அதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். மூன்று மூன்றாகவே இருக்கட்டும். நாலாக்கினால் அவருக்கு வேலை போய்விடும். கடை வேலையாட்களுக்கு அறுபது வயதில் கட்டாய ஓய்வு என்று நீங்கள் அடுத்த விதி எழுதிக்கொண்டிருப்பதாக மகள் போனில் சொன்னாள். அதை மட்டும் கொஞ்சம் ஆறப் போடுங்கள், மாப்பிள்ளை. அவருக்கு எழுபத்தொன்று. ஒரு தடவை ஓய்வு கொடுத்து அனுப்பியதையே பதினொரு வருஷமாகப் பேப்பர் படித்துச் சமாளித்த மனிதர், இரண்டாம் தடவை அனுப்புகிற கை என்னுடையதாக இருக்க வேண்டாம்.