மாமனார் பெயர் மறைந்து மீண்ட படலம்

அலைகள் ஓயாமல் கரை மிதித்து வணங்கும் கல்முனை மாநகரிலே, விசைப்பலகை வேந்தன், கணினிக் களிறடக்கிய காளை, பத்து விரலால் படை நடத்தும் பண்பாளன், மணநாள் நெருங்கிய மாப்பிள்ளை இன்ஸாப் வாழ்க! அவன் பிடரியில் வழிந்த வேர்வையும் வாழ்க! ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, புரியாணி நிறைந்த வயிற்றோடு அவன் புரிந்த பெரும்போரைச் சொல்லக் கேளுங்கள்.

தாய்மாமன் மீராசாவின் மகள் நுஸ்ஹாவே அவன் கைப்பிடிக்க இருந்த கன்னல்மொழியாள். தங்கள் நிக்காஹ் அழைப்பிதழைத் தானே கணினியில் கோத்துக்கொண்டிருந்தான் இன்ஸாப். மாமி றஹீமாவோ ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு திருத்தம் சொல்லி, அதை உடனே போனில் காட்டும்படி கேட்பாள். அத்தொல்லை தீர, கணினி நிரலால் ஒரு காவலனைப் படைத்தான் நம் நாயகன். இமையாக் கண்ணன், உறங்கா உளத்தன், உருவமற்ற ஊழியன்! கோப்புறையில் ஏதேனும் ஒரு கோப்பு மாறினால் போதும். அக்கணமே அழைப்பிதழைப் படமாக்கி, படத்தை அதே கோப்புறையில் வைத்து, மாமன் வீட்டு வாட்ஸப் குழுவுக்கு ஏவிவிடுவான். மின்சாரம் போய் வந்தாலும் யாரும் எழுப்பாமல் எழுந்து நிற்பான். படைத்தவன் தன் மதியைத் தானே மெச்சிக்கொண்டான்.

அந்நேரம், தன் பெயர் இன்னும் மேலே, இன்னும் கொஞ்சம் பெரிதாக வரட்டும் என்று மீராசா சொல்லியனுப்பினார். நியாயமான ஆசை. பெயரை இருந்த இடத்திலிருந்து வெட்டியெடுத்தான் இன்ஸாப். ஆனால், அந்தோ, அந்த இடக்கை! மின்வெட்டு நாட்களில் எழுதியதையெல்லாம் இருளுக்குப் பறிகொடுத்து, அன்றுமுதல் மூச்சுக்கொரு முறை சேமிக்கும் நோன்பு பூண்ட கை அது. பெயரை ஒட்டுமுன்னரே அது சேமித்துவிட்டது.

காவலன் கண்டான்; படமாக்கினான்; அனுப்பினான். அனுப்பியவன் திரும்பிப் பார்த்தால், கோப்புறையில் ஒரு புதிய படம்! மாற்றம், மாற்றம் என்று முழங்கி மீண்டும் படமாக்கினான், மீண்டும் அனுப்பினான். தன் குரலின் எதிரொலிக்குத் தானே பதில் சொல்லும் பித்தனைப் போல, வான்கதவு திறந்த சாகாமக் குளம் போல, சவளக்கடை வயலில் இறங்கிய யானைக் கூட்டம் போல, தகப்பன் பெயரில்லாத அழைப்பிதழ்கள் மீராசாவின் கைப்பேசியில் டிங் டிங்கென்று சென்று மோதின. ஒருமுறை விடுபட்டால் அது மறதி. விடாமல் விடுபட்டால் அது பிரகடனம்.

மாமன் போனில் வந்தார்.

“எண்ட பேர் இல்லாத கலியாணக் காட்ட எத்தின தரம் காட்டுவீங்க, மருமகன்? வாப்பா இல்லாத புள்ளயயா கட்டப் போறீங்க? அசர் தொழுகைக்குள்ள பள்ளிவாசலுக்கு ஆளனுப்பி நிக்காஹ நிப்பாட்டுறன்.”

நிலம் நடுங்கியது, நாற்காலியும் நடுங்கியது. இன்ஸாப் காவலனை மூடினான்; அவன் மறுகணமே எழுந்தான். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான், களம் இருண்டது. ஆனால் மாமன் பெயரோடு ஓர் அழைப்பிதழ் போகாமல் போர் எப்படி ஓயும்? வயரைச் செருகினான். கணினி கண் திறக்குமுன் காவலன் கண் திறந்து, பெயரில்லா அழைப்பிதழை ஸலாம் சொல்வதுபோல் அனுப்பிவைத்தான். வெட்டியெடுத்த பெயரோ இருளோடு போயிற்று.

அப்போது நுஸ்ஹாவின் அழைப்பு, தாழ்ந்த குரலில்.

“மச்சான், அத நிப்பாட்டப் பாக்காதீங்க. வாப்பாட பேரப் போடுங்க. அனுப்புறதெண்டா அதையே அனுப்பட்டும்.”

ஆகா! பகைவனின் அம்பையே மாலையாக்கும் மதிநுட்பம்! கண்ணில் முதலில் பட்ட பெரிய எழுத்து வரியைப் பற்றி, அதை அழித்து, அவ்விடத்தில் மாமன் பெயரை ஓங்கி அடித்தான் இன்ஸாப். சேமிக்கும் வேலையைக் கை பார்த்துக்கொண்டது.

போரின் திசை திரும்பியது. முதல் டிங்கில் மீராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்ததில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பின் வந்தவற்றை, பக்கத்து வீட்டு முகைதீன்பாவாவை வேலியோரம் அழைத்து நிறுத்திக் காட்டினார்.

“பாருங்க, உடாம அனுப்புறான். பெரியாக்களுக்கு மரியாத தெரிஞ்ச புள்ள.”

பள்ளிக்கு ஆள் போகவில்லை. வெற்றித் திருமகன் படங்களை வேறொரு கோப்புறைக்கு ஒதுக்கியனுப்ப, எதிரொலி இழந்த காவலன் அடங்கினான், காற்று குளிர்ந்தது, கடலும் ஒரு கணம் கைகட்டி நின்றது, கணினியை மூடி நெஞ்சு நிமிர்ந்து எழுந்தான் இன்ஸாப்.

மீண்டும் போன். அந்த வீட்டில் எல்லோரும் அழைப்பிதழில் ஒரே பெயரைத்தான் தேடினார்கள். நுஸ்ஹா மட்டும் வேறொரு பெயரைத் தேடியிருந்தாள்.

“வாப்பாட பேர் நல்ல வடிவா இரிக்கி. உங்கட பேரத்தான் காணல்ல, மச்சான்.”

இன்ஸாப் கணினியைத் திறந்து தன் பெயரை அடித்தான்.