சாலமன் எழுப்பிய தெரு

மூன்றாவது கிராஸ் தெருவின் நாய்கள் நான்கும் சாலமனைச் சுற்றி நின்றபோது காலை மணி ஐந்து பத்து. நவம்பர் முதல் வாரம். பெங்களூரு லிங்கராஜபுரம் முழுக்கப் பனி. தெருவிளக்குகள் ஏதோ தூரத்துத் துறைமுகத்தின் விளக்குகள் போல மங்கித் தெரிந்தன. நாய்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

"நல்ல பிள்ளைங்கல்ல? வழி விடுங்கப்பா."

விடவில்லை. சாலமன் திரும்பி ஓடினார். ஓட்டமும் உடற்பயிற்சிதான் என்று மனைவி ரோஸ்லினிடம் சொன்னார்.

ஆறு வருடமாக இதே கதை. கோடையில் சிங்கம் போல நடப்பார். இருட்டுக் காலம் வந்ததும் நடை நின்றுவிடும், சர்க்கரை ஏறிவிடும். கிறிஸ்துமஸ் விருந்தில் சகலை மைக்கேல்ராஜ் பிரியாணித் தட்டோடு வந்து, "இன்னா அண்ணே, இந்த வருஷம் வாக்கிங் எந்தத் தேதியில செத்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பான். அதனால்தான் இந்த முறை, நவம்பர் ஒன்று முதல் கிறிஸ்துமஸ் வரை ஒரு நாள்கூடத் தவறுவதில்லை என்று சபதம்.

மறுநாள் நாய்களுக்கு பிஸ்கட் கொண்டுபோனார். அதற்கு மறுநாள் நான்கு நாய்கள் ஒன்பதாயின. தடி எடுத்துப் போனார். நாய்கள் ஒதுங்கின, ஆனால் மங்கி கேப்பும் தடியுமாக இருட்டில் வந்தவரைப் பார்த்து, கேட்டைத் திறந்த ஒரு அம்மாள் "கள்ளா! கள்ளா!" என்று கன்னடத்தில் அலறினாள். எந்தத் திருடனும் சத்தம் போட்டுக்கொண்டு வரமாட்டான் என்று யோசித்து, அடுத்த நாள் விசில் ஊதிக்கொண்டே நடந்தார்.

மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "யோவ் வாட்ச்மேன், விடியற நேரத்துல இன்னாய்யா விசில்?"

ஹெப்பகோடி ஃபேக்டரியில் இருபது வருட சூப்பர்வைசர் சாலமன். அவரைப் போய் வாட்ச்மேன் என்பதா!

"போதும் ரோஸி. பிப்ரவரியில வெளிச்சம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க," என்றாள் ரோஸ்லின். கறிவேப்பிலை வாங்கக் கிளம்பியவள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.

அன்று சாயங்காலமே பஸ் கண்டக்டர் முனியப்பன் வாசலில் நின்றார்.

"சார், காலையில எனக்கு முதல் ட்ரிப். அலாரம் அடிச்சாலும் எழுந்திருக்க முடியல. நீங்கதான் டெய்லி நடக்கிறீங்களே, போற வழியில ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க."

"நான் நிறுத்திட்டேனேப்பா..."

"வேலை போயிடும் சார்."

ஒரு மனிதனின் வேலை! மறுநாள் காலை சாலமன் போனார். ஒரே தட்டு. விளக்கு எரிந்தது. முனியப்பன் தலை வாரி, காக்கிச் சட்டையில் கதவைத் திறந்தார்.

"பாவம் ரோஸி, யூனிஃபார்மோடவே தூங்குறாரு மனுஷன்."

"அய்யோ," என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நாளில் நர்ஸ் ஷில்பா வந்தாள். ஆறு மணி டியூட்டியாம், கட்டாயம் எழுப்ப வேண்டுமாம். பிறகு, காவேரித் தண்ணி வரும் நேரம் பார்த்து எழுப்பச் சொல்லி கடைசி கிராஸ் சந்திரம்மா. ஒரு மாதத்தில் ஏழு வீடுகள். அதிலும் எந்த இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் தட்டி முடித்தால் சரியாக நான்கு கிலோமீட்டர்.

தப்பிக்கவும் பார்த்தார். முனியப்பனுக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். மறுநாளே பேட்டரி தீர்ந்துவிட்டதாகச் சொன்னார் முனியப்பன். ஷில்பாவைப் போனில் எழுப்பப் பார்த்தார். போன் சுவிட்ச் ஆஃப். சென்னைப் பக்கம் புயல் என்று இங்கே மூன்று நாள் மழை கொட்டியபோது போர்வையை இழுத்துப் படுத்தவர், ஏழு வீடும் தூங்கிக் கிடக்குமே என்று நினைத்ததும் குடையோடு எழுந்தார்.

போகப் போக அவர் நடையே மாறியது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. சர்க்கரை இறங்கியது. ஒரே தட்டு, உடனே விளக்கு! இரண்டாவது தட்டுக்கு எந்த வீட்டிலும் வேலையே இருக்கவில்லை. விசிலைக் கேட்டதும் ஒன்பது நாய்களும் பின்னால் அணிவகுத்து வந்தன.

கிறிஸ்துமஸ் வந்தது. அன்றும் ஏழு வீட்டையும் தட்டிவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனார். மத்தியானம் மைக்கேல்ராஜ் பிரியாணித் தட்டோடு நெருங்கினான்.

"இன்னா அண்ணே, இந்த வருஷம் வாக்கிங் எந்தத் தேதியில..."

"அம்பத்தஞ்சு நாள் மைக்கேல். மழை, புயல், பனி, எதுக்கும் நிக்கல," சாலமன் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்காகவா நடக்கிறேன்? நான் தட்டலன்னா இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் லைட் எரியாதுப்பா!"

மைக்கேல்ராஜ் லெக் பீஸைத் தன் தட்டிலிருந்து எடுத்து அண்ணன் தட்டில் வைத்தான். ரோஸ்லின் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் பெருமை.

அந்த நேரம் பார்த்து, கேக் வாங்க வந்த ஷில்பா வாசலில் நின்றபடியே கேட்டாள்:

"ஆன்ட்டி, கிறிஸ்துமஸ் வரைக்கும்னுதானே சொன்னீங்க, வந்துடுச்சுல்ல? ஏழு வீட்டுலயும் டெய்லி நாலரைக்கே குளிச்சு ரெடியாகி இருட்டுல உக்காந்திருக்கோம், நாளையிலேந்தாவது அங்கிள் தட்டுறதுக்கு முன்னாடியே லைட் போட்டுக்கலாமா?"