கூரைக்குள் அடித்த பஞ்சு

இந்தப் பனிக்காலத்துக்குள் என் மனைவியின் வாயை அடைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பஞ்சால்.

அவசரப்பட்டுப் பொலிசைக் கூப்பிடாதீர்கள். பஞ்சு அவள் வாய்க்கு அல்ல, வீட்டுக் கூரைக்கு.

நாங்கள் இருப்பது இல்-பிசாரில். மொன்றியலை ஒட்டிய தீவு. தனித்தனி வீடுகள், தனித்தனி மரங்கள், தனித்தனி மனிதர்கள். பஸ் ஓடுகிறது என்று சொல்லுவார்கள். நானும் ஓரிரு தடவை கண்டிருக்கிறேன். கார்த்திகை பிறந்தால் பின்னேரத்திலேயே இருட்டிவிடும். அதற்குப் பிறகு தெருவில் காற்று மட்டும்தான் நடமாடும். பிள்ளைகள் ஒருத்தி ரொறன்ரோ, ஒருத்தன் வன்கூவர் என்று போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் நானும் யோகமலரும் ஓயாத ஒரு வழக்கும்.

வழக்கு இதுதான். அவளுக்கு இந்த வீட்டை விற்றுவிட்டு, மொன்றியலில் எங்கள் ஆட்கள் நெருங்கி வாழ்கிற பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பிப் போகவேண்டும். எனக்குப் போகக்கூடாது. அகதியாக வந்த புதிதில் அங்கேதான் ஒரு நிலவறையில் ஏழு பேர் படுத்தோம். ஒருவர் புரண்டால் ஏழு பேரும் புரளவேண்டும். சொந்த வீடு, சொந்த வாசல், அள்ளுவதற்குச் சொந்தப் பனி என்று வந்தபிறகு மறுபடி அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை. இந்த வீடும் போனால் அரியரத்தினம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது என்ற பயம் உள்ளூர இருந்தது. பயத்தைச் சொல்ல வெட்கம். ஆகையால் கோபமாகச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, குளிருது."

"சுவெற்றரைப் போடும்."

"போட்டிருக்கிறன்."

"இன்னொண்டு போடும்."

"ரெண்டு போட்டிருக்கிறன். அதுக்கு மேல கோட்டும் போட்டிருக்கிறன். இனிக் கட்டிலைத்தான் போடவேணும். கையுறையோட தோசை சுடுற பொம்பிளை இந்தக் கனடாவில நான் ஒருத்திதான்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. வீடு என்னைவிட மூப்பு. தெருவில் எல்லாக் கூரையிலும் பனி நிற்கும், எங்கள் கூரையில் மட்டும் உருகி ஓடும். கீழே போடுகிற ஹீற்றர் முழுக்க மேலே ஏறிக் காகங்களுக்குக் கணகணப்புக் கொடுத்தது. ஊர்க் காகமெல்லாம் எங்கள் கூரையில்தான் குந்தியிருக்கும்.

முந்தின வருட நத்தார்ப் பண்டிகைக்கு யோசெப் வீட்டில் விருந்து. யோசெப் மட்டக்களப்பான், என்னோடு வேலை செய்கிறவன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் அவனும் அவன் மனைவி றெஜினாவும் இருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் யோகமலர் வழக்கை எடுத்தாள். நாலு பேர் முன்னால் நான் விடுவேனா?

"அந்தக் குளிர் வீட்டை எந்த விசரன் வாங்குவான்? அற்றிக்கில கிடக்கிற சாமானை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? இந்த ரெண்டுக்கும் ஒரு வழி வரட்டும், அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்!"

எல்லோரும் சிரித்தார்கள். வென்றுவிட்ட சந்தோசத்தில் இன்னொரு தரம் கோழிக்கறி போட்டுச் சாப்பிட்டேன். யோகமலரும் றெஜினாவும் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அற்றிக் என்றால் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் குனிந்து நிற்கிற ஓர் இருட்டு. அங்கே கிடந்தவை பெரும்பாலும் வெறும் பெட்டிகள். ரீவி வந்த பெட்டி, றைஸ் குக்கர் வந்த பெட்டி, மைக்ரோவேவ் வந்த பெட்டி. ரீவி செத்து எத்தனையோ வருடமாகிவிட்டது, பெட்டி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. எறி என்பாள் அவள். தேவைப்படும் என்பேன் நான். எங்கள் ஆட்கள் எந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தாலும் இப்படி ஒருவர் இருப்பார்.

இந்த வருடம் குளிர் தொடங்கமுன் யோசெப் போன் எடுத்தான்.

"அண்ணன், அக்கா குளிருது எண்டுதானே வீட்டை விக்கச் சொல்லி நிக்கா?"

"ஓம்."

"அப்ப குளிரை நிப்பாட்டினாக் கதையும் நிண்டிரும். அற்றிக்குக்குள்ள பஞ்சு அடிப்பம். மெசின் வாடகைக்குக் கிடைக்கும். நான் வானில ஏத்திட்டு வாறன்."

எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. மனைவியிடம் போனேன். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று நான் சொன்னாலும் ஜன்னலைத் திறந்து பார்க்கிறவள் அவள்.

"ஓம், நல்ல யோசினை," என்றாள்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

"ஆனா பஞ்சு அடிக்க முதல் அற்றிக்கை வெறுமையாக்கவேணும் எல்லோ?"

"பெட்டியளை எறியச் சொல்லப் போறீர், அதுதானே?"

"சீச்சீ. பழுதான சாமானைத்தான் எறியவேணும். பெட்டி ஒண்டையும் எறியாதேங்கோ. தட்டையா மடிச்சு நிலவறையில அடுக்குங்கோ. தேவைப்படும்."

தேவைப்படும்! கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் என் கட்சிக்குப் போட்ட முதல் வாக்கு அது. அந்த உற்சாகத்தில் ஒரே நாளில் அற்றிக்கை வெறுமையாக்கிப் பெட்டிகளை நிலவறையில் அடுக்கினேன்.

சனிக்கிழமை மெசின் வந்தது. கராஜுக்குள் நின்று யோசெப் பஞ்சுப் பொதிகளை உடைத்து அதன் வாயில் போட, பெரிய குழாய் ஒன்று படியேறி வந்து அற்றிக்குக்குள் ஊதும். குழாயைப் பிடிக்கிறவன் நான். ஏணியடியில் யோகமலர். பஞ்சு என்கிறோமே தவிர, பழைய பேப்பரை அரைத்த சாம்பல் நிறத் தூள்தான் அது. உலகத்துக் கெட்ட செய்தி எல்லாம் அரைபட்டு என் தலையில் கொட்டியது.

"அண்ணன், தூரத்து மூலையில தொடங்கி அடிச்சு அடிச்சு ஏணிப் பக்கம் வாங்க," என்று யோசெப் முதலிலேயே சொல்லியிருந்தான்.

"நல்ல காரியம் ஈசான மூலையிலதான் தொடங்கவேணும்."

"ஈசான மூலை ஏணிக்குப் பக்கத்திலயெல்லோ கிடக்கு? மறுகா எப்படித் திரும்பி வருவீங்க?"

"அதைப் பிள்ளையார் பாப்பார்."

ஈசான மூலையில் தொடங்கினேன். வீட்டின் மற்றக் கோடி வரை அடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே பஞ்சு. கால் வைக்கவேண்டிய மரச்சட்டம் ஒன்றும் கண்ணில் படவில்லை. சட்டத்துக்கு நடுவில் இருப்பது மெல்லிய சீலிங் மட்டும்தான். பிள்ளையாரை நினைத்து ஒரு கால் வைத்தேன். இரண்டாவது கால் அவரிடமே போய்விட்டது.

"இஞ்சருங்கோ!" கீழே யோகமலரின் குரல்.

"என்ன?"

"சாமியறையில ஒரு கால் தொங்குது."

"ஆற்றை?"

"சொக்ஸில ஓட்டை இருக்கு. உங்கடதான்."

"ஐயோ, இழுத்து எடுமப்பா!"

"மேல இழுக்கிறதோ, கீழ இழுக்கிறதோ?"

சீலிங்கை ஒட்டவேண்டி வந்தது. ஒட்டினால் பெயின்ற் அடிக்கவேண்டும். சாமியறைக்கு ரோசா நிறம்தான் வேண்டும் என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்தவள், "வெள்ளை அடியுங்கோ," என்றாள். "எல்லா அறைக்கும் வெள்ளை. இந்த இருட்டுக்கு வெளிச்சமா இருக்கும்." நியாயம்தானே? நொண்டி நொண்டி வீடு முழுக்க அடித்தேன்.

மார்கழியில் எங்கள் கூரையிலும் பனி நின்றது. காகங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. யோகமலர் முதலில் கோட்டைக் கழற்றினாள், பிறகு ஒரு சுவெற்றர், பிறகு மற்றது. குளிருது என்ற சொல்லே வீட்டில் கேட்கவில்லை. வேறு சொல்லும் கேட்கவில்லை. ஜன்னலடியில் இருந்து ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப குளிருதோ?"

"இல்லை."

"பேந்தென்ன?"

"ஒண்டுமில்லை."

வழக்கில் வென்ற எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. என்றாலும் வென்றது வென்றதுதானே என்று ரீவியைப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. வாசலில் கமராவோடு ஒரு பெண். "போன்ஜூர்!" அவளுக்குப் பின்னால் யோசெப்பும், றோல்ஸ் தட்டோடு றெஜினாவும். வந்தவள் சுவரைத் தடவினாள், அற்றிக்கை எட்டிப் பார்த்தாள், படம் எடுத்தாள். எவ்வளவு சூடான வீடு, எவ்வளவு வெள்ளை, எவ்வளவு சுத்தம் என்று பிரெஞ்சில் சொன்னாள். எனக்கு விளங்கும் பிரெஞ்சு அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

யோகமலரைக் குசினிக்குள் இழுத்தேன்.

"இவ ஆர்?"

"வீடு வித்துக் குடுக்கிறவ."

"ஆற்றை வீட்டை?"

"ஈசான மூலையில தொடங்கினியளே, அந்த வீட்டை."

"இப்பதான் குளிர் இல்லையே! பேந்தேன் போகவேணும்?"

அவள் குரல் இறங்கியது. "கதைக்க ஆளில்லாமல் எனக்கு விசர் பிடிக்குது எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கேட்டனீங்களோ? குளிருது எண்டு சொன்னால்தான் நிமிர்ந்து பாத்தனீங்கள். நீங்கள் வேலைக்குப் போனால் வருமட்டும் நான் ஹீற்றரோடதான் கதைக்கிறன்."

அவள் சொன்னது உண்மை. பாவமாக இருந்தது, அவளைப் பார்க்கவும் என்னைப் பார்க்கவும். என்றாலும் கடைசியாக ஒருதரம் தலையைத் தூக்கினேன்.

"நான் சம்மதிக்கேல்லை!"

றெஜினா குசினி வாசலில் நின்றாள். "அண்ணன், எங்கட மேசையில இருந்துதானே சொன்னீங்க? குளிருக்கும் சாமானுக்கும் வழி வந்தா அண்டைக்கே கையெழுத்து எண்டு? நாலு பேர் கேட்டவங்க. எங்கட மேல் வீடும் சும்மாதான் கிடக்கு."

"டேய் யோசெப், நீயுமோ?"

யோசெப்பின் வாய் நிறைய றோல்ஸ். "நான் பஞ்சு அடிக்க மட்டும்தான் அண்ணன் சொன்னன்."

"தை பிறக்கப் பால் காய்ச்ச நாளும் பாத்தாச்சு," என்றாள் யோகமலர். "போய் நிலவறையில அடுக்கின பெட்டியளைக் கொண்டு வாங்கோ. தேவைப்படும் எண்டு சொன்னனான் எல்லோ."

போனேன். ரீவிப் பெட்டியை விரித்து, அடியில் ரேப் ஒட்டி, முதல் ஆளாகப் பிள்ளையாரை உள்ளே வைத்து நிமிர்ந்தேன். அந்த வீட்டில் எனக்கு முதன்முதலாக வியர்த்தது.