அமிர்தசாமியின் இடது ஷூ

ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்காமல் ஷூவைக் கழற்றுவதில்லை என்று அமிர்தசாமி சபதம் எடுத்திருந்தார். ஊரெல்லாம் அதை நம்பியது. பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிப் பாராட்டினார். நம்பாத ஆள் ஒன்றே ஒன்றுதான். அவர் பெண்டாட்டி மரியசெல்வி.

மரக்காணத்து உப்பளங்களுக்குப் பக்கத்தில் பங்குக்கோயில் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது. படுக்கை கிடையாது. வந்தவர்களைப் பார்த்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அமிர்தசாமி மேனேஜர். மரியசெல்வி டோக்கன் கவுண்டரில் உட்காருகிறவள். வீடு அவள் ராஜ்ஜியம், ஆஸ்பத்திரி தன் ராஜ்ஜியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், நினைத்துக்கொள்ளட்டும்.

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு டிரஸ்ட் ஒன்று இலவசமாக மருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. 2006-ஆம் வருஷம் முடிவதற்குள் தரச்சான்று வாங்காத இடத்துக்கு இனி மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மருந்து நின்றால் ஆஸ்பத்திரிக்குப் பூட்டுதான். அப்புறம் உப்பளத்துச் சனம் ஒரு காய்ச்சலுக்கும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். அதனால் அமிர்தசாமி மாடாய் உழைத்தார், அதில் பொய்யில்லை. "நோயாளிகள் காலணிகளை வெளியே விட்டு வரவும்" என்று சுவரில் நீலப் பெயிண்டில் எழுதவைத்தார். ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தார்.

"தெரிஞ்ச ஆளா இருந்தாலும் பேஷண்ட் வாயாலயே பேரைக் கேக்கணும். பெத்த அப்பனே வந்தாலும் கேக்கணும். புரிஞ்சுதா?"

மரியசெல்வி நன்றாகப் புரிந்துகொண்டாள்.

ஆனால் சபதத்துக்குள்ளே இருந்த சங்கதி வேறு. இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். தையில் வந்தது, ஆடி பிறந்தும் ஆறவில்லை. உப்பளத்தில் வேலை செய்த அவர் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சர்க்கரை. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை, அப்புறம் முட்டிக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தவர் அமிர்தசாமி. டெஸ்ட் எடுத்தால்தானே சர்க்கரை இருப்பது தெரியும், எடுக்காமலே விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். பயந்துபோன மனுஷன் வேறு எப்படி யோசிப்பான்?

கல்யாணமான நாள் முதல் ஒரு கைக்குட்டைகூட அலசாதவர், திடீரென்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் சாக்ஸைத் தானே துவைத்துக் கொடியில் போட்டார். மரியசெல்விக்கு அது போதாதா?

"கால்ல என்னங்க?"

"உப்பு வெடிப்பு."

"நீங்க உப்பளத்துல கால வச்சே எத்தினியோ வருஷம் ஆச்சே."

"காத்துலயே உப்பு இருக்குதில்ல."

"டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

"சான்று வரட்டும். சபதம்னா சபதம்."

அழுது பார்த்தாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். ஷூ அசைந்துகொடுக்கவில்லை.

தரச்சான்றுக் குழு செவ்வாய்க்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அமிர்தசாமிக்கு ஒரே கவலை, புது டைல்ஸ். உப்பளத்துச் சனம் சேற்றுக்காலோடு வந்து நின்றால் என்ன ஆவது? ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் அறிவிப்பு வாசிக்கவைத்தார். செவ்வாய்க்கிழமை யாரும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். அதற்குப் பதிலாக மைத்துனன் விக்டரும் அவன் பெண்டாட்டி ஆன்மேரியும் இஸ்திரி போட்ட துணியில் வருவார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குத் தலைவலி.

"அவங்களைக் கூட்டியார்றது உன் பொறுப்பு."

"சரிங்க" என்றாள்.

மறுபேச்சில்லாமல் சரி என்றாள். அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

குழுவின் தலைவி சரஸ்வதி அம்மாள், சென்னையில் பெரிய டாக்டர். சிரிப்பென்பதே கிடையாது. மருந்து அலமாரி, குப்பைத்தொட்டி, கை கழுவும் இடம் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. இப்ப ஒரு பேஷண்ட் டோக்கன் வாங்குறதுலேருந்து மருந்து வாங்குற வரைக்கும் நாங்க கூடவே போய்ப் பார்க்கணும். பேஷண்ட் எங்கே?"

பெஞ்சு காலியாகக் கிடந்தது. அமிர்தசாமி கவுண்டருக்கு ஓடினார்.

"விக்டர் எங்க?" என்று கிசுகிசுத்தார்.

"அவனுக்கு உடம்பு சரியில்லையாங்க."

"அதுக்குத்தானே வரச் சொன்னோம்."

"நெஜமாவே சரியில்லையாம். அதான் வரல."

"ஆன்மேரி?"

"அவனைப் பாத்துக்கிறா."

சரஸ்வதி அம்மாள் பேனாவை மூடினார். "பேஷண்ட்டே இல்லாத இடத்துக்குச் சான்று எதுக்கு?"

அமிர்தசாமி வாசலை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் மரியசெல்வி எழுந்தாள்.

"பேஷண்ட் இருக்காரு மேடம்" என்று ஒரு டோக்கனைக் கிழித்துப் புருஷன் கையில் வைத்தாள். "பேரு சொல்லுங்க."

"என்ன மரியா வெளையாட்டு இது?"

"தெரிஞ்ச ஆளா இருந்தாலும் கேக்கணுங்க. பேரு?"

"அமிர்தசாமி."

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

"சரியான வயசு?"

"அம்பத்திரண்டு."

"உடம்புக்கு என்ன?"

குழு முழுக்க அவர் வாயைப் பார்த்தது. ஒன்றுமில்லை என்றால் பேஷண்ட் இல்லை. பேஷண்ட் இல்லையென்றால் சான்று இல்லை, மருந்து இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

"கால்ல... ஒரு புண்ணு."

மரியசெல்வி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு சுவரில் இருந்த நீலப் பெயிண்டைக் காட்டினாள். "ஷூவை வெளியே விட்டுட்டு வாங்க."

"என் சபதம்?"

"அது நிறைவேறத்தாங்க கழட்டச் சொல்றேன்."

ஆஸ்பத்திரி டாக்டரம்மா அருள்மொழி காலைப் பார்த்தார். ரத்தம் எடுத்து மீட்டரைப் பார்த்தார்.

"சர்க்கரைதான். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா விரலை எடுத்திருக்கணும் சார். இப்ப மருந்துலயே ஆறிடும்."

அமிர்தசாமி குழுவுக்கு முன்னாலேயே அழுதுவிட்டார். அப்பாவிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. சரஸ்வதி அம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தரச்சான்று வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மருந்தும் வந்தது. புண்ணும் ஆறிக்கொண்டு வந்தது. ஒரு நாள் வீட்டில் அமிர்தசாமி மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு விக்டருக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நான்தான் வராதடான்னு சொல்லிட்டேன்."

"சான்று கைவிட்டுப் போயிருந்தா?"

"அழுதுட்டு மறுபடி கேட்டு வாங்கியிருப்போம். காலை எங்கங்க போய்க் கேக்கறது?"

இருந்தாலும் மேனேஜர் இல்லையா, விட்டுக்கொடுப்பாரா?

"சரி, அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் வருஷக்கணக்குல இருக்குது" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"அது ஆஸ்பத்திரிக்கு" என்று மரியசெல்வி முக்காலியை அவர் காலடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இங்க தினமும் உண்டு. பேரு சொல்லுங்க."

"அமிர்தசாமி" என்று சொல்லிவிட்டு, சாக்ஸைக் கழற்றினார்.