மஞ்சத் துணியைப் பார்த்துக்கிட்டே போங்க

சொந்தக்காரனிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் அது ஓசியில் முடியும். ஆனால் அதன் பிறகு ஆயுசு முழுக்க அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன். எங்கே ஆறுகிறது? எழுதித் தொலைக்கிறேன்.

2010. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, கடலூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு விளையாட்டு டீச்சராகப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் வராத ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் சைக்கிளில்தான் வருவார்கள். அவர்கள் படிப்பே அந்த ரெண்டு சக்கரத்தில்தான் ஓடியது. எங்கள் பிரின்சிபால் மேடத்துக்கோ சைக்கிளைக் கண்டாலே ஆகாது. "வயசுப் பொண்ணுங்க விழுந்து கைகால் ஒடிஞ்சா, பெத்தவங்களுக்கு நீயா பதில் சொல்லுவ?" என்பார்.

எனக்குச் சுர்ரென்று ஏறும். சைக்கிள் கிளப் ஆரம்பித்தே தீருவேன் என்று நச்சரித்தேன். கடைசியில் மேடம் சொன்னார்: "ஒரே ஒரு தடவை. நானும் வர்றேன். ஒருத்தி விழுந்தாலும் கிளப்பும் கிடையாது, கேட்டுக்குள்ள சைக்கிளும் கிடையாது."

(நாக்கில் சனி என்பார்களே, அது அன்றைக்கு என் நாக்கில் சம்மணம் போட்டிருந்தது. "டபுள் ஓகே மேடம்!" என்றேன்.)

இடம் கேப்பர் மலை. மலை என்றதும் ஊட்டியை நினைத்துவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் தரை கொஞ்சம் தும்மினாலே அதற்கு மலை என்று பேர். செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, மழை அறுத்த ஓடைகள். நானே நடந்து பார்த்து மூன்று பாதை பிரித்தேன். புதுசுகளுக்குத் தோப்பைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதை. கொஞ்சம் பழகினவர்களுக்கு மேடு பள்ளம். ஹாக்கி ஆடும் மூன்று அடங்காப்பிடாரிகளுக்குச் சரிவு. எல்லாம் தார் ரோட்டு டீக்கடையில் வந்து சேரும். நாலாவதாக ஒரு ஓடை இருந்தது. கீழே இருக்கும் ஊருக்கு இறங்கும் ஒத்தையடி வழி. ஆடுகூட யோசித்துத்தான் இறங்கும். அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

பாதைக்கு ஒரு கலர் துணியை மரங்களில் கட்டும் வேலையை என் மாமா பையன் சேகரிடம் கொடுத்தேன். சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கியர் சைக்கிளை எல்லாம் வாடகை இல்லாமல் தந்தவன், துணி கட்ட மாட்டானா? "சுலபமான வழிக்குப் பச்சை, நடுவுக்கு நீலம், கஷ்டத்துக்குச் சிவப்பு" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், பச்சைக்குப் பதில் மஞ்சள்.

"முந்திரி இலைக்குள்ள பச்சை எப்புடித் தெரியும்? மஞ்சள்னா பளிச்சுனு இருக்கும். கடை முழுக்க மஞ்சத் துணிதான், ஜாஸ்தி விலையும் இல்ல" என்றான்.

எனக்கும் சரியாகத்தான் பட்டது. கடையில் ஏன் அவ்வளவு மஞ்சத் துணி என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது ஆடி மாசம்!

"புதுசா ஓட்றவங்க மஞ்சத் துணியைப் பார்த்துக்கிட்டே போங்க!" என்று விசில் ஊதி அனுப்பினேன். மேடம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் அஞ்சாங்கிளாஸ்லயே டபுள்ஸ் போனவ" என்று முன்னால் போனார்.

டீக்கடையில் குளுக்கோஸ் தண்ணீரோடு காத்திருந்தேன். சிவப்பு வந்தது. நீலம் வந்தது. மஞ்சளைக் காணோம். அப்போதுதான் மேட்டுக்குப் பின்னாலிருந்து பம்பைச் சத்தமும் குலவையும் கேட்டன. சத்தம் வந்த பக்கம் ஓடினேன்.

நடந்தது இதுதான். முதல் நாள் சாயங்காலம், பாதை பிரியும் இடத்து வேப்பமரத்தில் சேகர் கட்டிய மஞ்சத் துணியைக் கீழூர்ப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் அவர்கள் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் திருவிழா. யாரோ புண்ணியவான் ஆரம்பித்து வைத்திருக்கிறான் என்று, அந்த மரத்துக்குக் குங்குமம் வைத்து, அங்கிருந்து கோயில் வரைக்கும் மரத்துக்கு மரம் மஞ்சத் துணியும் வேப்பிலையும் கட்டிவிட்டார்கள். அதாவது அந்த நாலாவது ஓடை வழியாக! சேகர் கட்டின நாலு துணியைவிட இதுதான் என் புதுசுகள் கண்ணில் பட்டிருக்கிறது.

நான் போனபோது அவர்கள் எல்லாம் ஓடைப் புழுதியில் உட்கார்ந்து முழங்கையை ஊதிக்கொண்டிருந்தார்கள். மேடம் மட்டும் விழவில்லை. பிரேக் பிடிக்காமல் நேராக இறங்கி, பம்பைக்காரர்களைப் பிளந்துகொண்டு போய்க் கூழ் அண்டாவில் மோதி நின்றிருக்கிறார். தலையெல்லாம் கூழ். "ஆத்தா வண்டியேறி வந்துட்டாடீ!" என்று ஒரு பாட்டி சாமியாட, நாலு பேர் குடம் குடமாக மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். கைக்குழந்தையை மேடத்தின் காலடியில் போட்டாள் ஒருத்தி.

மேடம் மஞ்சத்தண்ணி சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தார். "மாலா, நாளைக்குக் காலையில வந்து என்னைப் பாரு."

மறுநாள் கிளப்பும் போச்சு, கேட்டுக்குள் சைக்கிளும் போச்சு. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் சைக்கிளை எதிர்க்கடையில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சேகரை நார் நாராகக் கிழிக்க வேண்டும் போலிருக்கும். பக்கத்திலேயே இருந்தால்தானே கிழிக்க முடியும்? அவனையே கல்யாணம் பண்ணிக்கொண்டேன். பத்திரிகையை வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு வழி கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் மாமா சொன்ன பதில், "மஞ்சத் துணியைப் பார்த்துக்கிட்டே வாங்க." இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் வழி கேட்டாலும் இதே பதில்தான்.

போன ஆடியில் என் மகளுக்கு முதல் சைக்கிள் வாங்கினோம். "கேப்பர் மலைக்குப் போய் எலுமிச்சம்பழத்து மேல சைக்கிளை ஏத்திட்டு வந்துடலாம்" என்றார் என் மாமியார். போனால், அந்த வேப்பமரத்தைச் சுற்றி மேடை, சூலம், ஸ்பீக்கர். மரம் கொள்ளாமல் மஞ்சத் துணி. சைக்கிளோடு வரிசையாகப் பள்ளிக்கூடப் பெண்கள்.

பூசாரி அம்மா தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆத்தா மலை மேலேர்ந்து சைக்கிள்ல எறங்கி வந்தா. பின்னாடியே கன்னிப் பொண்ணுங்க வந்தாங்க. ஒருத்திகூட விழல!"

"விழுந்தாங்க! எல்லாரும் விழுந்தாங்க! நான் பார்த்தேன்!" என்று கத்திவிட்டேன்.

"மாலா, சும்மா இரு" என்று சேகர் கையைப் பிடித்து இழுத்தான்.

பூசாரி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "விழுந்தா என்னம்மா? எழுந்து ஓட்டறதுதான். அதுக்குத்தான் ஆத்தா இருக்கா. நகரு, பின்னாடி புள்ளைங்க நிக்குது."

இந்த ஒரு வார்த்தையைத்தான் அந்த மேடத்தின் வாயிலிருந்து வரவழைக்க அவ்வளவு பாடுபட்டேன். மாமியாரின் பூஜைப் பையிலிருந்த மஞ்சத் துணியை எடுத்து, மகளின் ஹேண்டில்பாரில் நானே கட்டினேன். சேகர் சிரித்தான். "சிரிச்சே, கொன்னுடுவேன்" என்றேன்.